வகுப்பில் இருக்கிறார்கள், பாடத்தில் இல்லை: போனை வாங்கி வைப்பதா, வேறு வழி உண்டா?

பாடவேளை:

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குப் புள்ளியியல் எடுக்கிறேன். இங்கே மாணவர்களும் இருக்கிறீர்கள், ஆசிரியர்களும் இருக்கிறீர்கள். இரண்டு தரப்பும் மனம் திறந்து சொன்னால் எனக்கு உதவியாக இருக்கும்.

வெளியிலிருந்து பார்த்தால் என் வகுப்பில் ஒரு குறையும் தெரியாது. அட்டெண்டன்ஸ் நன்றாக இருக்கிறது, அசைன்மென்ட் சொன்ன தேதிக்கு வந்துவிடுகிறது, யாரும் சத்தம் போடுவதில்லை. ஆனால் பாடம் கொஞ்சம் கடினமாகிற இடம் வந்ததும் தலைகள் ஒவ்வொன்றாகக் குனிகின்றன. சாம்பிள் வேரியன்ஸ், அதாவது மாதிரியாக எடுத்த எண்கள் அவற்றின் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு, அதை நடத்தும்போது, ஏன் மொத்த எண்ணிக்கையால் வகுக்காமல் அதில் ஒன்றைக் குறைத்து வகுக்கிறோம் என்று கேட்டேன். யோசித்தால் பிடிபடுகிற கேள்விதான், ஆனால் ஒரு நிமிடமாவது யோசிக்க வேண்டும். அந்த ஒரு நிமிடம் எனக்குக் கிடைக்கவில்லை, கைகள் மேசைக்கு அடியில் போய்விட்டன. சரி, பதிலைத்தான் தேடுகிறார்களோ என்று பார்த்தால் அதுவும் இல்லை. ஒருத்தி ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கிறாள், பக்கத்தில் ஒருவன் ஏற்கெனவே படித்துவிட்ட வாட்ஸ்அப் செய்தியைத் திரும்பத் திறந்து பார்க்கிறான்.

இவர்கள் சோம்பேறிகள் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனியாகக் கூப்பிட்டுப் பேசினால் அவர்களுக்கே வருத்தம் இருக்கிறது, படிக்க உட்கார்ந்தால் மனம் ஓரிடத்தில் நிற்பதில்லை என்கிறார்கள்.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். இதை அடிமைத்தனம் என்றே எடுத்துக்கொள்ளலாமா? அப்புறம், எங்கள் துறையில் சிலர் வகுப்பு தொடங்கும்போதே எல்லா போனையும் ஒரு பெட்டியில் வாங்கி வைத்துவிடுகிறார்கள், அப்படிச் செய்தால் படிப்பில் ஈடுபாடு உண்மையிலேயே கூடுமா?


அளவுகோல்:

மேடம், நான் உளவியலில் ஆராய்ச்சி மாணவன். உங்கள் முதல் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

அடிமைத்தனம் என்பதை எல்லோரும் தாராளமாகச் சொல்கிறோம், ஆனால் மருத்துவ வகைப்பாட்டில் போன் அடிமைத்தனம் என்று தனியாக ஒரு நோய் கிடையாது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தின் நோய்க் கையேடான டிஎஸ்எம்-5, 2013ல் வந்தது, அதைச் சேர்க்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11, 2022ல் நடைமுறைக்கு வந்தது, அதில் வீடியோ கேம் விளையாட்டுக் கோளாறு இருக்கிறது, போன் இல்லை. ஆய்வுகளில் பெரும்பாலும் ஒரு கேள்வித்தாளைத்தான் கொடுக்கிறார்கள். 2013ல் தென்கொரியாவில் உருவாக்கிய அளவுகோல் பிரபலம், அதன் சுருக்க வடிவத்தில் 10 கேள்விகள். அதில் அதிக மதிப்பெண் எடுப்பவர்களுக்குப் படிப்பில் ஈடுபாடு குறைவு என்று ஆய்வு மேல் ஆய்வாக வருகிறது. ஆனால் எது எதைக் கொண்டுவந்தது என்று அதிலிருந்து சொல்ல முடியாது. பாடம் புரியாதவன், மனச்சோர்வில் இருப்பவன், வகுப்பில் நண்பர்கள் இல்லாதவன், எல்லோருமே போனுக்குள் போவார்கள். போனும் அந்த நிலையை இன்னும் மோசமாக்கும். இரண்டு பக்கமும் ஓடுகிற விஷயம் இது.

ஈடுபாடு என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 2004ல் ஃப்ரெட்ரிக்ஸ், புளூமென்ஃபெல்ட், பாரிஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் அதை மூன்றாகப் பிரித்தார்கள்: வந்து உட்கார்ந்து செய்ய வேண்டியதைச் செய்வது ஒன்று, பாடத்தின் மேல் ஆர்வமும் ஒட்டுதலும் இருப்பது இன்னொன்று, புரிந்துகொள்ள மூளையை முழுசாகச் செலவழிப்பது மூன்றாவது. அட்டெண்டன்ஸும் அசைன்மென்டும் முதலாவதை மட்டும்தான் காட்டும். உங்கள் வகுப்பில் காணாமல் போயிருப்பது மூன்றாவது.

அதில் போனின் பங்கு எவ்வளவு என்பதற்குச் சோதனை முறையில் செய்த ஆய்வுகள் இருக்கின்றன. 2013ல் ஒரே பாட வீடியோவை மூன்று குழுக்களுக்குப் போட்டார்கள். போனைத் தொடாத குழு, அடிக்கடி செய்தி அனுப்பிய குழுவைவிட 62 சதவீதம் அதிகத் தகவலைக் குறிப்பேட்டில் எழுதியிருந்தது. 2015ல் இன்னொரு சோதனை: நோட்டிபிகேஷன் வந்தது, ஆனால் போனை எடுக்கவில்லை, அப்போதும் கவனம் சிதறியது. யாராக இருக்கும் என்ற எண்ணம் ஒன்றே போதுமானதாக இருந்திருக்கிறது. 2017ல் ஏறத்தாழ 800 பேரை வைத்து, போன் சைலண்டில் மேசைமேல் இருந்தாலே யோசிக்கும் திறன் குறைகிறது, பக்கத்து அறையில் வைத்தால் நன்றாக இருக்கிறது என்று ஒரு முடிவு வந்தது, அது செய்தித்தாள்களில் எல்லாம் வந்தது. ஆனால் பிறகு அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்கள் எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை. அதனால் அதை மட்டும் வைத்து விதி போடாதீர்கள்.


கடைசிவரிசை:

மேடம், நான் மூன்றாம் ஆண்டு மாணவன். அளவுகோல் அண்ணன் சொன்னதெல்லாம் சரி, நான் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

போன் அடித்ததால் எடுக்கிறோம் என்று ஆசிரியர்கள் நினைக்கிறீர்கள். பெரும்பாலும் அது அடிப்பதே இல்லை. பலகையில் ஒரு வரி போடுகிறீர்கள், அடுத்த வரி எப்படி வந்தது என்று தெரியவில்லை, கேட்கவும் கூச்சம், அதற்குள் நீங்கள் மூன்றாவது வரிக்குப் போய்விட்டீர்கள். அந்த இடத்தில் மனசுக்குள் ஒரு சங்கடம் வரும் பாருங்கள், அது வந்தவுடன் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போகும். எடுத்து என்ன பார்த்தோம் என்றுகூட அப்புறம் ஞாபகம் இருக்காது. முன்பெல்லாம் அந்தச் சங்கடத்தோடு உட்கார்ந்திருப்பதைத் தவிர வழியில்லை, அதனால் வேறு வேலையில்லாமல் கொஞ்சம் யோசிக்கவும் செய்வோம், சில சமயம் புரிந்தும் விடும். இப்போது அந்தச் சங்கடம் ஐந்து வினாடிகூட நீடிக்க வாய்ப்பில்லை. புரியாமல் இருப்பதைத் தாங்கிக்கொள்ளும் பழக்கம் எங்களுக்கு விட்டுப்போய்விட்டது, என்னைக் கேட்டால் போன் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது அதைத்தான். நேரம் போனதெல்லாம் அதற்கு அடுத்தது.

நீங்கள் கேட்ட அந்தக் கேள்விக்கும் இதேதான் நடந்திருக்கும். தெரியாது என்று அறுபது பேர் முன்னால் காட்டிக்கொள்ள யாருக்கும் மனசு வராது. குனிந்து போனைப் பார்த்தால் ‘தெரியவில்லை’ என்பது ‘கவனிக்கவில்லை’ என்று ஆகிவிடும். எங்களுக்குக் கவனிக்காதவன் என்ற பெயர், புரியாதவன் என்ற பெயரைவிடப் பரவாயில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டைம்டேபிள் மாறினால் வாட்ஸ்அப் குரூப்பில்தான் வருகிறது, நோட்ஸ் பிடிஎஃப் அதில்தான், நாளைக்கு டெஸ்ட் என்பது ராத்திரி 11 மணிக்கு அதில்தான் வருகிறது. எங்கள் வகுப்பு குரூப்பை மியூட் செய்த ஒருத்திக்கு லேப் மாறியது தெரியாமல் போய்விட்டது. போனைப் பார்க்காதே என்கிற அதே கல்லூரிதான் போனைப் பார்த்துக்கொண்டே இருக்கவும் வைக்கிறது.


சுதந்திரம்21:

கல்லூரி மாணவர்கள் வயதுக்கு வந்தவர்கள். கவனிப்பதும் கவனிக்காததும் அவரவர் விருப்பம். தேர்வில் அவர்களே அனுபவிப்பார்கள். பெட்டியில் போனை வாங்கி வைப்பதெல்லாம் பள்ளிக்கூடத்தில் செய்ய வேண்டியது.


அளவுகோல்:

சுதந்திரம்21, அவரவர் விஷயமாக மட்டும் இருந்தால் நானும் ஒத்துக்கொள்வேன். 2013ல் கனடாவில் வகுப்புச் சூழலில் ஒரு சோதனை செய்தார்கள், அது லேப்டாப்பை வைத்துச் செய்தது. பாடம் நடக்கும்போது திரையில் வேறு வேலை பார்த்தவர்களின் மதிப்பெண் 11 சதவீதம் குறைந்தது. அவர்களின் திரை கண்ணில் படுகிற இடத்தில் உட்கார்ந்து, பாடத்தை மட்டும் கவனிக்க வந்தவர்களுக்கு 17 சதவீதம் குறைந்தது. பக்கத்தில் ஓடுகிற ரீல்ஸ் கண்ணை இழுக்கும், அதற்கு அந்த மாணவி சம்மதம் கொடுக்கவில்லை. அவளுக்கும் ஒரு உரிமை இருக்கிறதல்லவா.


சாக்பீஸ்:

பாடவேளை மேடம், நானும் ஆசிரியர்தான், பணியில் சேர்ந்து ரொம்ப வருடம் ஆகிறது. பெட்டி முறையை எங்கள் துறையில் ஒரு செமஸ்டர் முழுக்கச் செய்தோம், அதனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு நேரில் பார்த்ததைச் சொல்கிறேன்.

வகுப்பு அமைதியானது, முகங்கள் நிமிர்ந்தன. முதலில் எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் கேள்வி கேட்பவர்கள் கூடவில்லை, விடைத்தாள்களிலும் பெரிய மாற்றம் தெரியவில்லை. கடைசிவரிசை தம்பி சொன்னது அப்படியே பொருந்துகிறது. போனை எடுத்துவிட்டோம், புரியாமல் நிற்கிற அந்த இடத்தில் பிடித்துக்கொள்ள வேறு எதையும் நாங்கள் கொடுக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார்கள், நோட்டில் கோலம் போட்டார்கள், சிலர் நிமிர்ந்து என்னையே பார்த்தபடி வேறு எங்கோ இருந்தார்கள்.

பெட்டியில் வேறு சிக்கலும் உண்டு. வீட்டில் உடம்பு முடியாதவர்கள் இருக்கும் பிள்ளைகள் தவித்துப்போனார்கள். சர்க்கரை அளவு பார்க்கும் சென்சாரும் காதுகேட்கும் கருவியும் போனோடு இணைந்தே வேலை செய்கிற மாணவர்கள் இருக்கிறார்கள், அவர்களை எல்லார் முன்னாலும் விதிவிலக்கு கேட்க வைப்பது கொடுமை. இப்போது என் வகுப்பில் போன் பைக்குள் இருக்க வேண்டும், பை காலடியில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. தேவை இருப்பவர்கள் வகுப்புக்கு முன்னால் என்னிடம் தனியாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், காரணம் கேட்பதில்லை.

மாற்றம் தெரிந்தது வேறு இடத்தில். பதினைந்து இருபது நிமிடம் நடத்தியதும் நிறுத்திவிடுவேன். ஒரு சின்னக் கணக்கு, இரண்டு இரண்டு பேராகத் தாளில் போட வேண்டும், பேர் எழுதாமல் மடித்துக் கொடுக்க வேண்டும். தவறான விடைகளில் சுவாரசியமான ஒன்றை எடுத்துப் பலகையில் போட்டு, இப்படி யோசித்தவர் எதை நினைத்திருப்பார் என்று பேசுவோம். யாருடையது என்று யாருக்கும் தெரியாது, கூச்சம் போய்விடுகிறது, அப்புறம் குரல்கள் வரும். ஞாபகத்திலிருந்து எடுத்து எழுதுவது திரும்பப் படிப்பதைவிட நிலைக்கும் என்பதற்கு 2006ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த சோதனை இருக்கிறது. ஒரு பத்தியைத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது அவர்களுக்கு 42 சதவீதம்தான் ஞாபகம் இருந்தது, படித்ததைப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. என் மாணவர்களிடம் இந்த எண்களைக் காட்டித்தான் ஆரம்பிப்பேன், எதற்காகச் செய்கிறோம் என்று தெரிந்தால் முகம் சுளிப்பதில்லை.

உங்கள் வேரியன்ஸ் கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். வாயால் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள், தாளில் செய்ய வையுங்கள். 1, 3, 5 என்ற மூன்று எண்கள்தான் முழுத் தொகுதி என்று வைத்துக்கொள்வோம். அதன் உண்மையான வேரியன்ஸ் 8/3. இதிலிருந்து எடுத்ததைத் திரும்பப் போட்டு இரண்டு இரண்டாக எடுத்தால் மொத்தம் 9 சாம்பிள் வரும். ஒவ்வொன்றுக்கும் அதன் சராசரியிலிருந்து விலகலின் வர்க்கங்களைக் கூட்டச் சொல்லுங்கள், ஒன்பதும் சேர்ந்து 24 வரும். இரண்டால் வகுத்துச் சராசரி எடுத்தால் 4/3, உண்மையில் பாதிதான். இரண்டில் ஒன்றைக் குறைத்து, ஒன்றால் வகுத்தால் 24/9, அதாவது அதே 8/3. அது வந்து நிற்கும்போது வகுப்பில் ஒரு சலசலப்பு எழும், அந்த நேரத்தில் போனை யாரும் நினைப்பதில்லை. ஏன் இப்படி வருகிறது, சாம்பிளின் சராசரியும் அதே எண்களிலிருந்துதானே வந்தது, அதனால் விலகல் குறைவாகத்தானே தெரியும் என்று அவர்களே பேசிக்கொள்வார்கள்.


நூலகவாசி:

நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறேன். இங்கே பேசுகிற பலருக்கு லேப்டாப் இருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு இருக்கிற ஒரே கணினி என் போன்தான். பாட வீடியோவை வேகத்தைக் குறைத்துப் போட்டு, நிறுத்தி நிறுத்திக் கேட்டுத்தான் நான் முதல் ஆண்டையே கடந்தேன், ஏனென்றால் பள்ளியில் படித்த மொழி வேறு, கல்லூரியில் நடத்துகிற மொழி வேறு. அகராதி அதில், பழைய வினாத்தாள் அதில், சந்தேகம் கேட்க அக்கா இருக்கிறாள், அவளும் அதில்தான். எனக்கு அது பகையாளி கிடையாது. போனை ஒழிக்க வேண்டும் என்று பேசும்போது என்னைப் போன்றவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அதே கருவிக்குள்தான் மற்றதும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். முடிவே இல்லாமல் கீழே கீழே ஓடுகிற பக்கம் தானாக உருவானது இல்லை, 2006ல் ஏசா ரஸ்கின் என்பவர் வடிவமைத்தது, பிறகு அவரே அதைப் பற்றி வெளிப்படையாக வருத்தப்பட்டிருக்கிறார். பக்கத்துக்கு ஒரு முடிவு இருந்தால் அங்கே ஒரு நொடி நின்று, போதுமா என்று நம்மை நாமே கேட்போம். அந்த நொடியை எடுத்துவிட்டார்கள். அடுத்து வருவது சுவாரசியமாக இருக்குமா இருக்காதா என்று தெரியாமல் தள்ளுவதுதான் விடாமல் தள்ள வைக்கிறது, எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்குத்தான் பழக்கம் ஆழமாகப் பதியும் என்று ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்து எப்போதோ காட்டிவிட்டார். இத்தனையையும் எதிர்த்து ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளை மனவுறுதியால் மட்டும் நின்று ஜெயிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

நான் செய்வது: ரீல்ஸ் வருகிற செயலிகள் போனில் இல்லை, பார்க்க வேண்டுமென்றால் பிரவுசரில் போய் பாஸ்வேர்ட் அடிக்க வேண்டும், அந்தச் சின்னத் தொல்லையே பாதி நேரம் காப்பாற்றிவிடுகிறது. ஆட்டோபிளே நிறுத்தி வைத்திருக்கிறேன். பிடிஎஃப் படிக்கும்போது ஏரோபிளேன் மோட், ஏனென்றால் முன்கூட்டியே டவுன்லோட் செய்துவிடுவேன். படிக்கும்போது பக்கத்தில் ஒரு தாள், நடுவில் ஏதாவது தேட வேண்டும் என்று தோன்றினால் தேடாமல் அதில் எழுதி வைப்பேன். கடைசியில் பார்த்தால் அதில் பாதிக்கு மேல் தேடவே தேவையில்லாதது. ராத்திரி போன் வேறு அறையில் சார்ஜ் ஆகும், எழுப்ப ஒரு அலாரம் கடிகாரம் இருக்கிறது. தூக்கம் சரியானதும் காலை வகுப்பில் எனக்கு வந்த வித்தியாசம் ரொம்பப் பெரியது, பகலில் படித்தது தூக்கத்தில்தான் மூளையில் பதிகிறது என்பதை யாராவது முதல் வாரமே சொல்லியிருக்கலாம்.

நோட்டிபிகேஷனை முழுவதும் நிறுத்தச் சொல்லி இங்கே பலர் எழுதுவார்கள். 2019ல் வந்த ஒரு ஆய்வில் ஒரு குழுவுக்கு நோட்டிபிகேஷனை நாளுக்கு மூன்று முறை மட்டும் மொத்தமாகக் கொடுத்தார்கள், அவர்களுக்குக் கவனமும் மனநிலையும் மேம்பட்டன. அடியோடு நிறுத்தப்பட்ட குழுவுக்குப் பதற்றம் கூடியது, எதையோ தவறவிடுகிறோம் என்ற பயமும் கூடியது. அதனால் நேரம் குறித்துக்கொண்டு பார்ப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.


சாக்பீஸ்:

நூலகவாசி, உன் பதிலை அச்செடுத்து என் வகுப்பில் ஒட்டப்போகிறேன், ஆட்சேபம் இருந்தால் சொல் அம்மா. அந்தத் தாளில் எழுதி வைக்கும் யோசனை எனக்கே புதிது.


பாடவேளை:

எல்லோருக்கும் நன்றி. இத்தனை அக்கறையோடு பதில் வரும் என்று நினைக்கவில்லை.

பெட்டி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். சாக்பீஸ் சார் சொன்ன 1, 3, 5 கணக்கை உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன், அழகாக வருகிறது, அடுத்த வகுப்பு அதிலிருந்துதான். பின்வரிசையில் திரை ஓடினால் முன்னால் கவனிக்கிறவர்களுக்குத் தெரியாது, ஆனால் பக்கத்திலும் பின்னாலும் இருப்பவர்களுக்குப் படும் என்பதால், போன் தேவைப்படுகிறவர்கள் கடைசி வரிசையில் உட்காரட்டும் என்று யோசிக்கிறேன். அது சரியா, இல்லை அவர்களை ஒதுக்குவது மாதிரி ஆகிவிடுமா?

இன்னொரு சந்தேகம். மிகவும் மூழ்கிப்போன ஒரு மாணவன் இருக்கிறான், ராத்திரி முழுக்க விழித்திருக்கிறான், வகுப்பில் தூங்குகிறான், சாப்பாடும் சரியில்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அவனிடம் எப்படிப் பேச்செடுப்பது?


அளவுகோல்:

மேடம், கடைசி வரிசை யோசனை கருத்தளவில் சரி, ஆனால் யாரையும் பெயர் சொல்லி அங்கே அனுப்பாதீர்கள். காது சரியாகக் கேட்காததால் போனை நம்பியிருப்பவர் முன்னால்தான் உட்கார வேண்டும். போனில் குறிப்பெடுப்பவர்கள் விருப்பப்பட்டால் பின்வரிசைக்குப் போகலாம் என்று பொதுவாகச் சொன்னால் போதும்.

அந்த மாணவனிடம் போனைப் பற்றிப் பேச்சையே எடுக்காதீர்கள். தூக்கம் எப்படி இருக்கிறது, சாப்பிடுகிறாயா என்று கேளுங்கள். ராத்திரி முழுக்க விழித்திருப்பதற்குப் பின்னால் வேறு ஏதாவது இருக்க வாய்ப்பு அதிகம், போன் அவன் ஒதுங்கிக்கொண்ட இடமாக இருக்கலாம். கல்லூரியில் ஆலோசகர் இருந்தால் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள், போய்ப் பார் என்று சொல்லி அனுப்பினால் போக மாட்டான். வாழவே பிடிக்கவில்லை என்பது மாதிரி ஏதாவது சொன்னால் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் சேர்த்துவிடுங்கள், காத்திருக்காதீர்கள்.


கடைசிவரிசை:

மேடம், ஒரே ஒரு வேண்டுகோள். நோட்ஸையும் அறிவிப்புகளையும் மாலை 6 மணிக்குள் போட்டுவிடுங்கள், அதற்குமேல் குரூப்பில் எதுவும் வராது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ராத்திரி போனை எடுக்க எங்களுக்கு இருக்கிற நியாயமான காரணம் அது ஒன்றுதான், அதற்காகப் போனை எடுத்துவிட்டுப் பிறகு அர்த்தமில்லாமல் எங்கெங்கோ போய்விடுகிறோம்.


பாடவேளை:

சரி தம்பி, இன்றைக்கே வகுப்பு குரூப்பில் போட்டுவிடுகிறேன். மற்ற ஆசிரியர்களிடமும் பேசுகிறேன்.